மின்னஞ்சலின் பொருள்வரியும் தமிழ்த் தொடரமைப்பும்

அலுவலக மடல்களில் விளிக்குப் பின்னர்ப் 'பொருள்' எனக் குறித்து ஒரு வரி எழுதுதல் வழக்கம். மின்னஞ்சலில் அவ்வரி மடலினின்றும் பிரிந்து முன்னே செல்கின்றது. பெறுநர் முதற்கண் காண்பன விடுத்தவர் பெயரும் இவ்வரியுமே. மடலைத் திறத்தலும் திறவாது நீக்கலும் பெரும்பாலும் இவற்றைக் கொண்டே முடிவாகின்றன. விற்பனை மடல்களில் இவ்வரியைத் தமிழில் எழுதுமிடத்து நேரும் இடர்ப்பாடு ஒன்று ஈண்டு ஆராயப்படுகின்றது.

சிதம்பரத்திற்கு அண்மையில் வெள்ளாற்றங்கரையில் அமைந்த புவனகிரி, நெசவுத் தொழிலால் அறியப்பட்ட ஊர். அவ்வூர் நெசவாளர் சங்கம் ஒன்று பொங்கல் விற்பனையை அறிவிப்பதாகக் கொள்வோம். 'புவனகிரிக் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கத்தின் பொங்கல் சிறப்புத் தள்ளுபடி விற்பனை' என்பது இலக்கணப் பிழையற்ற தொடரே. ஆயின், கைப்பேசியின் திரை குறுகியது. தமிழ் எழுத்துக்களோ அகன்றவை. 'புவனகிரிக் கைத்தறிக் கூட்டுறவுச்' என்ற அளவில் தொடர் அறுந்து மூன்று புள்ளிகள் நிற்கும். தள்ளுபடி என்னும் செய்தி மறைந்தொழியும்.

இஃது எழுதியவரின் திறக்குறைவு அன்று. தமிழில் அடை முன்னும் அடைகொளி பின்னும் வரும். பயனிலை இறுதியில் நிற்கும். ஆங்கிலத்தில் ஏவல் வினை தொடரின் முதலிலேயே நிற்றலின், பின்பகுதி அறுபடினும் கருத்துப் பெரிதும் சிதைவதில்லை. எனவே, 'சுருங்க எழுதுக' என அம்மொழியினர் வகுத்த விதி மட்டும் நமக்குப் போதாது. எச்சொல்லை முன்னிறுத்துவது என்பதே தமிழில் எழுதுவோர் முதலில் கேட்கவேண்டிய வினா.

விடையும் தமிழிலேயே உண்டு. செய்யுளில் வினைமுற்று முன்வருதல் பெருவழக்கு. தெருவில் கூவி விற்போரும் 'வந்தாச்சு புதுச்சேலை' என்றே தொடங்குவர். 'பொங்கல் தள்ளுபடி: புவனகிரிக் கைத்தறிச் சேலைகள், தை 5 வரை' என மாற்றின், பின்பகுதி அறுபட்டாலும் தள்ளுபடி என்னும் செய்தி நிற்கும், எஞ்சியது மடலினுள் இருக்கும். சங்கத்தின் பெயர் விடுத்தவர் பெயராகவே தோன்றுதலின், அதனை வரியில் மீண்டும் கூறல் மிகை. இடத்தைச் சுருக்கக் கருதி வல்லொற்றை விட்டெழுதுவோரும் உளர். இரண்டோர் ஒற்றால் மிஞ்சும் இடம் மிகச் சிறிது. படிப்போர்க்கு நேரும் இடறலோ பெரிது.

ஊர்ப்பெயரிலும் கருத்து வேண்டும். தெலங்கானாவிலும் புவனகிரி உண்டு. நெசவிற் புகழ்பெற்ற போச்சம்பள்ளி, 2016-இல் அமைந்த யாதாத்ரி புவனகிரி மாவட்டத்திலேயே உள்ளது. வெளிமாநிலத்தார்க்கு விடுக்கும் மடலில் 'சிதம்பரம்' என்பதையும் சேர்த்தலே தெளிவு.

இனி, வரிக்கும் மடலுக்கும் உள்ள இயைபு. பதிற்றுப்பத்தில் இன்று கிடைத்துள்ள பாடல்கள் 80. அவை தம்முள் வரும் சிறந்த தொடராற் பெயர் பெற்றவை. 'பூத்த நெய்தல்' அவற்றுள் ஒன்று. அத்தொடர் பெயரானமைக்குரிய காரணத்தைப் பழைய உரைகாரர் விளக்கிச் செல்கின்றார். பெயரைக் கண்டு பாட்டினுட் புகுவோன் அதனை அங்கே காண்பான். விற்பனை மடல்களிலோ, யாதும் வாங்காதவர்க்கும் 'தங்கள் ஆணை குறித்து' என வரி எழுதித் திறக்கச் செய்யும் வழக்கம் பரவியுள்ளது. அமெரிக்க நாட்டில் 2003-இல் இயற்றப்பட்ட சட்டம், பெறுநரை மயக்கும் பொருள்வரியை வணிக மடல்களில் விலக்குகின்றது. 'வரை' என்னும் இடைச்சொல்லோ சட்டத்திற்கு எளிதில் அகப்படாதது. '50 விழுக்காடு வரை' என்று வரியில் எழுதுவோர், எத்துணிக்கு எவ்வளவு என்பதை மடலின் முதல் வாக்கியத்திலேயே கூறுதல் வேண்டும்.