ரத்தக் குழாயின் உட்படலம்

சாலை விபத்தில் அடிபட்டவரின் ரத்தப் பெருக்கு நின்றுவிட்டதென்று வைத்தியர் சொன்ன பிறகும், மறுநாளோ அதற்கடுத்த நாளோ உயிர் பிரிந்துவிடுவது ஏன் என்று, செஞ்சியை அடுத்த தொண்டூரிலிருந்து அன்பர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். காரணங்கள் பல, பலர் அறியாத ஒன்றை மட்டும் இங்கே சொல்லத் துணிகிறேன்.

சரீரத்தின் ரத்தக் குழாய்கள் அனைத்தின் உட்புறத்திலும், மயிரிழையினும் மெல்லிய தந்துகிகள் ஈறாக, எண்டோதீலியம் என்னும் உயிரணுப் படலம் ஒற்றை அடுக்காய்ப் பரவியிருக்கிறது. பிராணவாயு நிறைந்த ரத்தத்தில் அல்லும் பகலும் நனைந்துகொண்டிருந்தும், இவ்வணுக்கள் தமக்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதியை அவ்வாயுவைத் தொடாமல், சர்க்கரையைச் சிதைத்தே பெறுகின்றன என்பதுதான் என்னை ஆட்கொண்ட அதிசயம். சோதனைச்சாலையில் வளர்த்த அணுக்களில் இப்பகுதி 85 சதவிகிதத்துக்கும் மேல் என்று பெல்ஜியத்தின் பீட்டர் கார்மலியட் குழுவினர் 2013-இல் கண்டனர். கல்யாண வீட்டில் பந்தி பந்தியாகப் பரிமாறிவிட்டு, தாம் ஒரு குவளைப் பானகத்தோடு பொழுதை ஓட்டிய என் பெரியம்மாவையே நினைத்துக்கொள்கிறேன். பிராணவாயு மற்ற உறுப்புகளுக்கு மிச்சமாகிறது.

ஆயினும் இப்படலம் தாங்குவதற்கும் எல்லை உண்டு. ரத்தம் பெருமளவில் போய், அட்ரினலின் பொங்கியெழும்போது, அணுக்களின் மேல் படர்ந்துள்ள சர்க்கரையும் புரதமும் கலந்த கிளைகோகேலிக்ஸ் என்னும் போர்வை உதிர்ந்து ரத்தத்தில் கலக்கிறது. சின்டெகான் என்ற புரதம் ரத்தத்தில் மிகுவது இச்சேதத்தின் அடையாளம். அணுக்களின் இணைப்பு தளர்ந்து நீர் கசிகிறது, நுரையீரல் நனைகிறது, உறையும் இயல்பு நிலைகுலைகிறது, சிறுநீரகம் சோர்கிறது. காயத்தை மூடியும் பிராணன் ஊசலாடுவது இதனாலும்தான். உப்புநீரை மேன்மேலும் ஏற்றுவதைவிடப் ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவை ஏற்றுவது அப்போர்வையை நன்கு சீர்ப்படுத்துகிறதென்று விலங்குச் சோதனைகள் காட்டியுள்ளன. ரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலமோ, 2010-இல் வெளியான பெரிய ஆராய்ச்சியின் 2011-ஆம் ஆண்டு மறு ஆய்வின்படி, 3 மணி நேரத்துக்குள் செலுத்தினாலே பயன் தரும். பிந்தினால் தீங்கும் நேரலாம்.

இவ்வளவு நுட்பமான படலம் நாழிகைக்கு நாழிகை நலிந்துகொண்டிருக்கையில், சுற்றி நின்று கைப்பேசியில் படம்பிடிப்பதும், போலீஸ் வழக்குக்கு அஞ்சி ஒதுங்குவதும் எவ்வளவு பெரிய அநீதி! முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தொண்டூருக்கு எட்டத்தில்தான் இருக்கிறது; ஆகவே இங்கே தாமதம் இன்னும் கொடியது. தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, அதில் சேர்ந்த மருத்துவமனைகளில் இலவசமாக்கியிருக்கிறது. நல்லெண்ணத்தோடு உதவுபவர் மேல் வழக்கு வராமல் 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் காக்கிறது. ஆகவே அன்பரே, அடிபட்டவரைக் கண்டால் 108-ஐ அழையுங்கள். ரத்தம் பெருகும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். வண்டி வரும்வரை அவரை விட்டு அகலாதீர்கள்.