மலையைக் குடையும் முன்னே

நமது தேசத்தில் சர்க்கார் பணம் செலவாகும் விதத்தைப் பற்றி அபிப்பிராயம் இல்லாதவர் ஒருவரும் இல்லை. ரயிலில் ஜன்னலோரம் இடம் பிடித்தவரும் பேசுவார். நின்றுகொண்டே வருகிறவரும் பேசுவார். பாலம் கட்டினால் ஏன் கட்டினார்கள் என்று கேட்பார்கள்; கட்டாவிட்டால் ஏன் கட்டவில்லை என்று கேட்பார்கள். இதை ஒரு குறையாகச் சொல்ல நாம் முன்வரவில்லை. வரி கொடுக்கிறவன் கணக்குக் கேட்பது ஜனநாயகத்தின் முதற்பாடம். ஆனால் கேள்வி கேட்பதற்கும் ஒரு சமயம் உண்டு. பதில் சொல்வதற்கும் ஒரு சமயம் உண்டு. அந்தச் சமயம் தவறிப் போனால், நல்ல கேள்வியும் கூச்சலாகிவிடுகிறது. நல்ல பதிலும் சால்ஜாப்பாகிவிடுகிறது.

இதற்கு உதாரணம் தேடிக் கடல் கடந்து போக வேண்டியதில்லை. தேனி மாவட்டத்தில், போடி மேற்கு மலையின் அடிவாரத்தில், பொட்டிப்புரம் என்று ஒரு கிராமம் இருக்கிறது. அந்த மலைக்குள்ளே ஒரு விஞ்ஞானக் கூடம் அமைப்பதா வேண்டாமா என்று பத்து வருஷத்துக்கு மேலாக நடந்த விவாதத்தை நேயர்கள் பத்திரிகைகளில் படித்திருப்பார்கள். ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் பேசி ஓய்ந்த பிறகு, அதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன என்பதைச் சற்று நிதானமாக யோசித்துப் பார்ப்போம்.

பிடிபடாத துகள்

முதலில் அந்த விஞ்ஞானம் என்னவென்று தெரிந்துகொள்வது நல்லது. நியூட்ரினோ என்பது ஓர் அணுவைக் காட்டிலும் மிக மிக நுண்ணிய துகள். அதற்கு மின்சாரம் கிடையாது. எடையும் இல்லை என்றே வெகு காலம் எண்ணியிருந்தார்கள். 1930-ல் பௌலி என்னும் விஞ்ஞானி, இப்படி ஒரு துகள் இருந்தாக வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். அது உண்மையிலேயே இருக்கிறது என்பதை நிரூபிக்க 1956 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. யாரிடமும் ஒட்டாமல், எதிலும் தங்காமல் போய்க்கொண்டேயிருப்பது அதன் சுபாவம். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்களில் விநாடிக்குச் சுமார் 6,500 கோடி, நமது கட்டைவிரல் நகத்தளவு இடத்தின் வழியாகப் புகுந்து வெளியேறுகின்றன. இந்தப் பத்தியை நேயர்கள் படித்து முடிப்பதற்குள் எத்தனை போயிருக்கும் என்பதை அவர்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

இத்தகைய துகளைப் பிடிப்பதற்கு மலை எதற்கு? ஆகாயத்திலிருந்து வேறு பல கதிர்களும் ஓயாமல் பூமியின் மேல் பொழிகின்றன. சந்தைக்கடை இரைச்சலில் வீணையின் மெல்லிய நாதம் காதில் விழாதது போல, அந்தக் கதிர்களின் நடுவே நியூட்ரினோவை இனங்கண்டு கொள்ள முடியாது. ஒரு கிலோமீட்டர் கனமுள்ள பாறை தலைக்கு மேல் இருந்தால் மற்றவை பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். நியூட்ரினோ மட்டும் தங்குதடையின்றி உள்ளே வந்து சேரும்.

கோலாரில் கிடைத்த பெருமை

இந்த வித்தையில் நமது தேசத்தார் புதியவர்கள் அல்லர். கோலார் தங்கச் சுரங்கத்தை அறியாத தமிழ்க் குடும்பம் அபூர்வம். எத்தனையோ தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்தார்கள். அந்தச் சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானிய, ஆங்கில விஞ்ஞானிகளும் சேர்ந்து கருவிகளை அமைத்தார்கள். காற்று மண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோக்களை 1965-ல் கண்டறிந்து உலகத்துக்கு அறிவித்தார்கள். அதே வருஷத்தில் தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றிலும் அவை தென்பட்டன.

அந்த ஆராய்ச்சிக்கு அக்காலத்தில் யாரும் கொடி பிடித்து எதிர்ப்புச் சொல்லவில்லை. காரணம் தெளிவு. சுரங்கம் ஏற்கெனவே தோண்டியிருந்தது. தங்கம் எடுக்கத் தோண்டிய குழியில் விஞ்ஞானம் இலவசமாக இடம் பிடித்துக்கொண்டது. 2001-ல் சுரங்கத்தை மூடினார்கள்; பிறகு அதில் தண்ணீர் நிரம்பிவிட்டது. ஆகவே புதிதாக ஒரு மலையைத் தேட வேண்டியதாயிற்று. விவகாரமும் அங்கேதான் ஆரம்பமாயிற்று.

முதலில் நீலகிரியில் சிங்காரா என்னும் இடத்தைப் பார்த்தார்கள். அது முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியிருந்தபடியால், 2009-ல் மத்திய சுற்றுச்சூழல் இலாகா இணங்கவில்லை. அதன் பின்னரே பொட்டிப்புரத்தின் பக்கம் பார்வை திரும்பியது. சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு மலையைக் குடைந்து, உள்ளே ஒரு பெரிய மண்டபம் அமைத்து, 50,000 டன் இரும்பைக் காந்தமாக்கி நிறுத்துவது திட்டம். மூன்று வகை நியூட்ரினோக்களின் எடைகள் எந்த வரிசையில் அமைந்திருக்கின்றன என்று கண்டுபிடிப்பது அதன் முக்கிய நோக்கம். 2015 ஜனவரியில் மத்திய மந்திரிசபை இதற்கு அங்கீகாரம் கொடுத்தது. மதிப்பீடு சுமார் 1,500 கோடி ரூபாய்.

மூன்று கேள்விகள்

அந்த எதிர்ப்பைக் கூர்ந்து பார்த்தால், அதற்குள் மூன்று வெவ்வேறு கேள்விகள் இருந்தன என்பது புலப்படும். துரதிருஷ்டவசமாக மூன்றையும் ஒன்றாகக் கலந்து பேசிவிட்டார்கள்.

முதற் கேள்வி, இது ஆபத்தா என்பது. நியூட்ரினோவால் உடம்புக்குக் கெடுதல் வரும், மலைக்குள்ளே அணுக்கழிவைப் புதைக்கப் போகிறார்கள் என்றெல்லாம் வதந்திகள் பரவின. நியூட்ரினோவால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. அவ்வாறு இருந்தால் சூரியன் உதிக்கும் ஒவ்வொரு நாளும் நமக்கு ஆபத்து நாளாகவே இருக்கும். இந்தக் கூடம் நியூட்ரினோவை உண்டாக்குவதற்கு அன்று. வருவதை எண்ணிப் பார்ப்பதற்கே. ஆனால் வதந்தி ஏன் முளைத்தது என்பதையும் யோசிக்க வேண்டும். திட்டத்துக்குப் பணம் கொடுக்கும் இரண்டு இலாகாக்களில் ஒன்று அணுசக்தி இலாகா. கூடங்குளத்துப் போராட்டம் ஜனங்களின் மனத்தில் ஆறாதிருந்த காலம் அது. பெயர்ப் பலகையைப் பார்த்தே கிராமத்தார் பயந்தார்கள் என்றால், அவர்களை மூடர்கள் என்று சொல்வது நியாயம் அன்று.

இரண்டாவது கேள்வி, இதனால் என்ன பிரயோஜனம் என்பது. குழந்தைகளுக்குப் பாலில்லாத தேசத்துக்கு நியூட்ரினோ எதற்கு என்று கேட்டார்கள். இதற்கு உண்மையான பதில், உடனடியாக ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதே. 1897-ல் தாம்ஸன் எலெக்ட்ரானைக் கண்டுபிடித்தபோது அதனால் ரேடியோப் பெட்டி வரும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. எல்லாக் கண்டுபிடிப்புகளும் எலெக்ட்ரானைப் போலப் பலன் தரும் என்றும் நாம் சொல்ல மாட்டோம். ஆனால் இயற்கையின் இரகசியங்களைப் பிற தேசத்தார் கண்டு சொல்ல, நாம் பாடப்புத்தகத்தில் படித்துக்கொண்டிருப்பதே போதும் என்று ஒரு சுதந்திர தேசம் தீர்மானிக்கக் கூடாது. செலவு அதிகமா என்றால், 1,500 கோடி ரூபாயை அக்காலத்து ஜனத்தொகையான சுமார் 130 கோடிப் பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 12 ரூபாய்கூட ஆகாது. அதுவும் பல வருஷங்களில் கொடுக்க வேண்டியது.

மூன்றாவது கேள்வி, எங்கள் ஊருக்கு என்ன ஆகும் என்பது. நமது அபிப்பிராயத்தில் இதுவே பிரதானமான கேள்வி. தலைக்கு 12 ரூபாய் என்ற கணக்கு இதற்குப் பதிலாகாது. பணச் செலவு தேசம் முழுவதற்கும் பங்கிடப்படும். வெடி வைக்கும்போது எழும் அதிர்ச்சியும், பாறைத் தூசியும், பல லட்சம் டன் கல்லை ஏற்றிச் செல்லும் லாரிகளும் 130 கோடிப் பேருக்குப் பங்கிடப்படுமா? அவை முழுவதும் பொட்டிப்புரத்துக்கும் அக்கம்பக்கத்துக்குமே சேரும். ஆடுமாடு மேயும் நிலம், கிணற்று நீர், மலையிலிருந்து வரும் ஓடை ஆகியவையும் ஊரார் கொடுக்கும் வரிதான். அந்த வரி எந்த பட்ஜெட்டிலும் அச்சாவதில்லை.

கோர்ட்டுப் படிகளில்

முதற் கேள்விக்கு விஞ்ஞானிகள் நல்ல பதில் சொன்னார்கள். இரண்டாவதற்கும் ஓரளவு சொன்னார்கள். ஊர் ஊராகப் போய்க் கூட்டம் போட்டு விளக்கினார்கள். ஆனால் மூன்றாவது கேள்விக்கு உரிய பதில் கூட்டத்தில் சொல்வது அன்று. காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. அந்தக் காகிதத்தில்தான் கோளாறு இருந்தது.

2015-ல் வைகோ தொடுத்த வழக்கில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சம்மதமின்றி வேலை தொடங்கக் கூடாது என்று ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை தடுத்தது. பூவுலகின் நண்பர்கள் என்ற சங்கத்தார் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். 2011-ல் கொடுத்திருந்த சுற்றுச்சூழல் அனுமதியை 2017 மார்ச்சில் தீர்ப்பாயம் நிறுத்தி வைத்தது. கேரள எல்லையும் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்காவும் ஐந்து கிலோமீட்டருக்குள்ளேயே இருக்கின்றன. ஆகையால் இன்னும் கடுமையான பரிசீலனை வேண்டும் என்பது ஒரு காரணம். சுற்றுச்சூழல் அறிக்கையைத் தயாரித்த ஸ்தாபனம் அதற்கு வேண்டிய அங்கீகாரம் பெற்றிருக்கவில்லை என்பது மற்றொரு காரணம். பறவைகளையும் வனவிலங்குகளையும் ஆராய்வதில் பேர்பெற்ற ஸ்தாபனம் அது. ஆனால் பாறையில் வெடி வைப்பதன் விளைவைப் பறவை நிபுணர்களைக் கொண்டு கணிப்பது, கண் நோய்க்குப் பல் வைத்தியரிடம் போவது போலத்தானே?

2018 மார்ச்சில் மத்திய சர்க்கார் இதை விசேஷத் திட்டமாகப் பாவித்து மறுபடியும் அனுமதி கொடுத்தது. அதே வருஷம் நவம்பரில் தீர்ப்பாயம் அதை ஏற்றது. ஆனால் தேசிய வனவிலங்கு வாரியத்தின் சம்மதமும் வேண்டும் என்று விதித்தது. 2021-ல் தமிழ்நாட்டு முதல் மந்திரி மு. க. ஸ்டாலின் திட்டத்தைக் கைவிடும்படி பிரதம மந்திரியைக் கேட்டுக்கொண்டார். புலிகள் நடமாடும் பாதையையும் நீர்ப்பிடிப்பையும் காரணங்காட்டி, இதற்கு இடங்கொடுக்க முடியாது என்று 2022 பிப்ரவரியில் மாநில சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டில் பிரமாணம் தாக்கல் செய்தது. மந்திரிசபை அங்கீகரித்துப் பத்து வருஷம் கடந்த பின்னும் பொட்டிப்புரத்து மலையில் சுரங்கம் தோண்டப்படவில்லை.

இன்னொரு சுரங்கம்

தேனி ஜில்லாவாசிகளுக்கு மலையைக் குடைவதென்றாலே பிடிக்காது என்று யாராவது சொன்னால், அவர் அந்தப் பக்கம் போனதில்லை என்று நிச்சயமாகச் சொல்லலாம். மேற்கே ஓடிய பெரியாற்று நீரை அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய இடம் அதே ஜில்லாவின் எல்லையில்தான் இருக்கிறது. 1808-ல் அந்த யோசனையை ஆராய்ந்த எஞ்சினியர் ஒருவர் அது நடவாத காரியம் என்று கைவிட்டார். 1895-ல் பென்னிகுக் அதை முடித்துக் காட்டினார். இன்றும் அவர் பிறந்த நாளில் அந்த ஊர்களில் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் காம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவரைக் குலதெய்வத்துக்கு அடுத்தபடியாக வைத்துக் கொண்டாடும் ஜனங்களை எஞ்சினியரிங் வித்தையின் விரோதிகள் என்று எப்படிச் சொல்வது?

அந்தச் சுரங்கத்தால் வயலுக்குத் தண்ணீர் வந்தது. இந்தச் சுரங்கத்தால் தண்ணீர் போகுமோ என்று பயந்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். பெரியாற்றுக் காரியத்திலும் முன்கூட்டித் தீர்க்காத கேள்விகள் இருந்தன என்பதை மறக்கக் கூடாது. 999 வருஷத்துக்கென்று 1886-ல் எழுதிய அந்தக் குத்தகையைப் பற்றி இரண்டு மாநிலங்களும் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கின்றன.

இழந்தது என்ன?

காலம் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. கோலாரில் முதன்முதலாகத் தென்பட்ட அதே வகை நியூட்ரினோக்களை ஜப்பானியர் மேலும் ஆராய்ந்தார்கள். அதற்காகக் கஜிதா என்னும் விஞ்ஞானிக்கு 2015-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பொட்டிப்புரத்தில் விடை தேட எண்ணிய அதே எடை வரிசைக் கேள்விக்கு, சீன தேசத்தார் பூமிக்கு அடியில் 20,000 டன் திரவத்தை நிரப்பி, 2025 ஆகஸ்டிலிருந்து விடை தேடுகிறார்கள். நம்மிடம் மதுரையில் 85 டன் எடையுள்ள ஒரு மாதிரிக் கருவி இருக்கிறது. அதில் பயின்ற நமது வாலிபர்களின் திறமைக்குக் குறைவில்லை. அவர்களுக்கு மலைதான் கிடைக்கவில்லை.

இந்த நஷ்டத்துக்குக் கிராமத்தாரைக் குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. கேட்டவர்கள் அவர்கள், பதில் சொல்ல வேண்டியவர்கள் மற்றவர்கள். இனி இத்தகைய பெருந்திட்டம் எங்கே வந்தாலும், மந்திரிசபையின் அங்கீகாரத்துக்கு முன்பே செய்ய வேண்டிய காரியங்கள் சில உண்டு. பணக் கணக்கோடு நீர், நிலம், தூசி ஆகியவற்றின் கணக்கையும் ஊரார் பாஷையில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கை, திட்டத்தோடு சம்பந்தமில்லாத, உரிய தகுதியுள்ள நிபுணர்கள் சோதித்துச் சொல்ல வேண்டும். கிணறு வற்றினால் யார் பொறுப்பு, எத்தனை நாளைக்குள் பரிகாரம் என்பதை எழுத்தில் கொடுக்க வேண்டும். ஊரார் வேண்டாமென்றால் வேறு மலை தேடுவதற்கும் மனம் இருக்க வேண்டும்.

இதனால் இரண்டு வருஷம் தாமதமாகலாம். ஆகட்டுமே! பொட்டிப்புரத்தில் அந்த இரண்டு வருஷத்தை மிச்சம் பிடிக்கப் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் போய்விட்டது. மந்திரிகளும் விஞ்ஞானிகளும் அடுத்த மலையைத் தேடிப் புறப்படும்போது, முதலில் அதன் அடிவாரத்தில் குடியிருப்பவர்களைப் போய்ப் பார்ப்பார்களாக.