சூளையில் வேகாத பீங்கான்

விருத்தாசலத்தில் பீங்கான் வேலை தெரிந்தவரிடம் பல்லைப் பற்றிப் பேசுவது சுலபம். அகல் விளக்கின் மேல் கண்ணாடிபோல் மின்னும் மெருகு இருக்கிறதே, அது இருக்கும்வரை எண்ணெய் உள்ளே இறங்காது. ஓரத்தில் ஒரு சில்லு தெறித்துவிட்டால் போதும். அந்த இடத்தில் உள்மண் தெரியும், அழுக்கு ஏறும். பல்லுக்கும் இதே கதைதான். எனாமல் என்பது பல்லின் மெருகு. அதற்கு அடியில் இருக்கும் டென்டின் மென்மையானது, நுண்துளைகள் கொண்டது. மெருகில் ஓட்டை விழுந்த பிறகு சொத்தை அங்கே வேகமாகப் பரவுகிறது.

இரண்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பீங்கானுக்கு மெருகேற்ற ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளை எரிய வேண்டும். எனாமலோ உடம்புச் சூட்டிலேயே உருவாகிறது. அதன் எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் கால்சியம், பாஸ்பேட் சேர்ந்த தாது. கடைவாய்ப் பல்லின் முனையில்கூட அதன் தடிமன் சுமார் இரண்டரை மில்லிமீட்டர்தான். அதை உருவாக்கும் செல்கள் பல் முளைத்ததும் அழிந்துவிடுகின்றன. ஆகவே இரண்டாவது பூச்சு என்று ஒன்று கிடையாது. இன்றைய பல் மருத்துவத்தின் போக்கைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தி போதும். இயந்திரங்கள் எவ்வளவோ வந்துவிட்டன. ஆனால் உண்மையான மாற்றம், பல்லை முடிந்தவரை குடையாமல் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் வலுத்திருப்பதுதான்.

செங்கல் தூளால் பல் துலக்கிய தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. செங்கல்லில் இருக்கும் குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7, எனாமலுடையது 5. கடினமானது மென்மையானதைத் தேய்க்கும் என்பதைப் பட்டறையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் தேய்மானத்தைவிடப் பரவலான எதிரி அமிலம். சர்க்கரை போட்ட டீயைக் குடித்ததும் பல்லில் படிந்திருக்கும் கிருமிகள் அதை அமிலமாக்குகின்றன. வாயின் பி.எச். அளவு 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைச் சரிக்கட்ட அரைமணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். பிறகு கரைந்த தாதுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பியும் படியவைக்கும். அதனால் எத்தனை கரண்டி சர்க்கரை என்பதைவிட ஒரு நாளைக்கு எத்தனை முறை என்பது முக்கியம். மணிக்கொரு டீ குடிக்கிறவரின் உமிழ்நீருக்கு ஓய்வே இல்லை.

இந்தத் திரும்பப் படியும் வேலைக்குத் துணை ஃப்ளூரைடு. பற்பசையில் அது குறைந்தது 1,000 பி.பி.எம். இருக்க வேண்டும். இரவு படுக்குமுன் துலக்கி நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டு அலச வேண்டாம். மூன்று வயதுக்குள் அரிசி அளவு பசை, ஆறு வயதுவரை பட்டாணி அளவு.

குழி விழுவதற்கு முன் பல்லில் சுண்ணாம்பு வெள்ளையில் ஒரு திட்டு தெரியும். அந்தக் கட்டத்தில் ஃப்ளூரைடு பூச்சால் அதைத் தடுத்து நிறுத்த முடியும். குழி விழுந்த பிறகும், நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடிக்கும் குழந்தைக்கும் தள்ளாத முதியவருக்கும் வெள்ளிச் சத்து கலந்த ஃப்ளூரைடு திரவத்தைத் தடவினால் சொத்தை பெரும்பாலும் நின்றுவிடும். அந்த இடம் கறுத்துப்போகும் என்பது உண்மை. கறுத்தாலும் பல் மிஞ்சுகிறதே! இதையும், கண்ணாடித் தூளை அமிலத்தில் குழைத்து அடைக்கும் கிளாஸ் அயனோமரையும், ஃப்ளூரைடு பற்பசையையும் உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. எனக்கு இது மிக முக்கியமான செய்தியாகப் படுகிறது. இவை மூன்றும் மலிவானவை, சிறிய ஊருக்கும் எட்டக்கூடியவை.

பல்லுக்குக் கேப் (உறை) போடுவதற்கு வருவோம். இது முழுக்கப் பீங்கான்காரர் கதை. 1774-இல் பாரிஸ் அருகே மருந்து விற்றுவந்த அலெக்சிஸ் துஷாத்தோவின் தந்தப் பல்செட்டில் மருந்து வாடை ஏறி நாறியது. பீங்கானில் வாடை ஏறாது என்று அதில் பல்செட் செய்துபார்த்தார். முதல் முயற்சிகள் தோற்றன. காரணம், சூளையில் மண் சுருங்கிவிட்டது! அச்சைப் பெரிதாக எடுத்து, சுருங்கிய பிறகு அளவு சரியாக வரும்படி செய்யும் வித்தை நம் ஊரில் அன்றாட வேலை. இன்று ஜிர்கோனியா என்ற பீங்கான் வகையில் கேப்பையும் அப்படித்தான் செய்கிறார்கள். கணினி அதை ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் பெரிதாகக் கடைந்து எடுக்க, 1,500 டிகிரி வாக்கில் உலையில் வெந்து அது சரியான அளவுக்குச் சுருங்குகிறது.

நெய்வேலிப் பக்கத்துக் களிமண்ணை வைத்து வளர்ந்த தொழில் இங்கே உள்ளது. பல் பீங்கானிலோ களிமண் அநேகமாக இல்லை. களிமண் ஒளியை மறைக்கும். பல் ஒளியை உள்ளே விட வேண்டும். எனவே பெரும்பகுதி ஃபெல்ஸ்பார்தான். அது அழகானது, ஆனால் எளிதில் உடையும். அதற்காக உள்ளே உலோகம் வைத்தார்கள். பிறகு வந்தது ஜிர்கோனியா. அதில் விரிசல் தொடங்கினால் அந்த இடத்துப் படிகங்கள் சற்றே பருத்து விரிசலை நெரித்து நிறுத்திவிடும். அதற்கு அடிப்படையான ஜிர்கோனியம் என்ற தனிமத்தை 1789-இல் வேதியியலாளர் கிளாப்ரோத் கண்டறிந்தது இலங்கையில் கிடைத்த ஜிர்கான் கல்லில்தான். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் அது இருக்கிறது. பீங்கான் மெருகுக்கு வெண்மை தர ஜிர்கான் தூள் சேர்க்கும் வழக்கமும் உண்டு.

இவ்வளவு உறுதியான பொருள் என்றாலும், அதை மாட்டுவதற்காக நல்ல பல்லைச் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் செதுக்க நேரலாம். வேர் சிகிச்சை செய்து பலவீனமான கடைவாய்ப் பல்லுக்குக் கேப் அவசியம். அழகுக்காக மட்டும் என்றால் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும். கேப்புக்குச் சொத்தை வராது, ஆனால் அதன் விளிம்பில் பல் முடியும் இடத்தில் வரும். அங்கே பிரஷ் நன்றாகப் பட வேண்டும்.

ஈறைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பல்லைச் சுத்தம் செய்தால் ஆடிப்போகும் என்றும், மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்றும் இன்னும் பயப்படுகிறார்கள். இரண்டும் பொய். பல்லை ஆட்டுவது காறையும் ஈறு நோயும்தான். சர்க்கரை நோயாளிக்கு ஈறு கெட்டால் சர்க்கரைக் கட்டுப்பாடும் தடுமாறும். புகையிலை போடுகிறவர்கள் வாயில் வெள்ளைத் திட்டோ, இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத புண்ணோ, வாய் திறக்கச் சிரமமோ இருந்தால் வலிக்காகக் காத்திருக்கக் கூடாது. சிதம்பரத்தில் 1980-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கிய பல் மருத்துவக் கல்லூரி இப்போது அரசிடம் இருக்கிறது. விருத்தாசலத்திலிருந்து பஸ்ஸில் போய்விட்டு அன்றே திரும்பலாம்.

குழந்தைக்கு ஆறு வயதாகும்போது பல் மருத்துவரிடம் அழைத்துப்போகத் தவறக் கூடாது. அப்போது எந்தப் பாற்பல்லும் விழாமலேயே வாயின் கடைசியில் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். விழுந்து முளைக்கப்போகும் பல் என்று நினைத்துப் பெற்றோர் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். பிரஷ் முனை நுழையாத அதன் பள்ளங்களில் ரெசின் ஊற்றி, நீல ஒளி காட்டி இறுகவைப்பார்கள். குடைய வேண்டாம், ஊசி வேண்டாம், ஒரு பல்லுக்குச் சில நிமிடம்தான் ஆகும்.