எண்டோமெட்ரியோசிசும் கருப்பை அகப்படலத்தின் ஏற்புத்திறனும்

எண்டோமெட்ரியோசிஸ் என்பது கருப்பையின் உட்புறத்தை மூடியிருக்கும் அகப்படலத்தைப் போன்ற திசு, சூலகம், கருக்குழாய், வயிற்றறை உறை முதலிய வெளியிடங்களில் வளரும் நோயாகும். இனப்பெருக்க வயதுப் பெண்களில் சுமார் 10 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கடுமையான மாதவிடாய் வலியும் குழந்தைப்பேறு தள்ளிப்போவதும் இதன் முக்கிய விளைவுகள். வலி இயல்புதான் என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடுவதால், நோயைக் கண்டறியப் பல ஆண்டுகள் ஆகிவிடுகின்றன. கூடுவாஞ்சேரியில் பாடம் நடத்திய காலத்தில், மாதந்தோறும் இரண்டு நாள் விடுப்பெடுக்கும் மாணவியை நானும் சோம்பேறி என்றுதான் நினைத்தேன்.

ஏற்புக் காலம்

கருவுற்ற முட்டை சில நாட்களில் கருப்பையை அடைந்தாலும், அகப்படலம் எல்லா நாளும் அதை ஏற்காது. 28 நாள் சுழற்சியில் சுமார் 20 முதல் 24ஆம் நாள் வரைதான் அது கருவை ஏற்கும் நிலையில் இருக்கும். முதலில் ஈஸ்ட்ரோஜன் படலத்தைத் தடிக்க வைக்கிறது. முட்டை வெளியான பின் சுரக்கும் புரோஜெஸ்டிரோன், அதைப் பக்குவப்படுத்துகிறது. விதை நன்றாக இருந்தும் ஈரமில்லாத மண்ணில் முளைக்காததைப் போன்றது இது.

இதை முன்கூட்டியே உணர்ந்து செயல்பட்டவர் கொல்கத்தா மருத்துவர் சுபாஷ் முகர்ஜி. பல முட்டைகளைப் பெறுவதற்காகக் கொடுக்கப்படும் ஹார்மோன் மருந்து, அதே சுழற்சியில் அகப்படலத்தின் பக்குவத்தைக் கெடுத்துவிடும். ஆகவே அவர் கருவை 53 நாட்கள் உறைநிலையில் வைத்திருந்து, மருந்தில்லாத வேறொரு சுழற்சியில் கருப்பையில் வைத்தார். 1978 அக்டோபர் 3 அன்று 'துர்கா' பிறந்தார். மேற்கு வங்க அரசு அமைத்த குழு இதை நம்ப மறுத்தது. முகர்ஜி 1981இல் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986இல் மும்பையில் பிறந்த ஹர்ஷாவே இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை எனப்பட்டார். அம்முயற்சியில் பங்குகொண்ட டி. சி. ஆனந்த குமாரே, முகர்ஜியின் குறிப்புகளைப் படித்துப் பார்த்து, முதலிடம் அவருக்குரியது என 1997இல் எழுதினார். கருவை உறைய வைத்துப் பின்னர் வைக்கும் முறை இன்று உலகெங்கும் வழக்கத்தில் உள்ளது.

நோய் செய்யும் மாற்றம்

எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பலரிடம் அகப்படலம் புரோஜெஸ்டிரோனுக்குச் சரிவரப் பதிலளிப்பதில்லை. இரத்தத்தில் ஹார்மோன் அளவு சரியாக இருந்தும், செல்கள் அதன் கட்டளையைக் கேட்பதில்லை. இது 'புரோஜெஸ்டிரோன் எதிர்ப்பு' எனப்படும். நாள்பட்ட அழற்சி இதற்கு ஒரு காரணம். கரு பதிவதற்குத் தேவையான ஹாக்ஸ்-ஏ10 மரபணுவின் செயல்பாடும் சிலரிடம் குறைந்து காணப்படுகிறது.

ஆனால் பழியெல்லாம் படலத்தின் மீதே போடுவது சரியன்று. பிறர் தந்த முட்டையைக் கொண்டு சிகிச்சை பெற்ற எண்டோமெட்ரியோசிஸ் நோயாளிகளுக்கு, மற்றவர்களுக்கு இணையாகவே கரு பதிந்ததாக 1990களில் வெளிவந்த ஸ்பெயின் நாட்டு ஆய்வு காட்டியது. அதாவது முட்டையின் தரத்துக்கும் பெரும் பங்கு உண்டு.

ஏற்புக் காலத்தைக் கண்டறிய, அகப்படலத்தில் சிறு துண்டு எடுத்து மரபணுச் செயல்பாட்டைப் பார்க்கும் பரிசோதனை இன்று விற்கப்படுகிறது. செலவு அதிகம். எண்டோமெட்ரியோசிஸ் நோயாளிகள் மட்டுமின்றிப் பொதுவாகச் சிகிச்சைக்கு வந்த 767 பேரிடம் அமெரிக்காவில் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில், அதன்படி நாள் குறித்துக் கருவை வைத்ததால் குழந்தைப்பிறப்பு அதிகரிக்கவில்லை. இப்பரிசோதனையை யாராவது பரிந்துரைத்தால், தமக்கு அது ஏன் தேவை என்று மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம்.