2 மணி நேரம் காணாமல் போன யூடியூப்

மாணவர்களே, 2008ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் தேதி, மலேசிய, சிங்கப்பூர் நேரப்படி அதிகாலை 2.47. நீங்கள் பலர் பிறந்திருக்கவே மாட்டீர்கள். அந்த நிமிடத்தில் உலகின் பல பகுதிகளில் யூடியூப் திடீரென்று நின்றுபோனது. அதன் கணினிகள் பழுதாகவில்லை. கடலடிக் கம்பிவடமும் அறுந்துபோகவில்லை. அப்படியானால் என்ன நடந்தது? யாரோ ஒருவர் தவறான வழியைச் சொன்னார். மற்றவர்கள் அதை நம்பிவிட்டார்கள்.

முன்னொட்டு என்றால் என்ன?

கோலாலம்பூரில் கடிதங்களைப் பிரிப்பவர் 36000 என்ற அஞ்சல் குறியீட்டைக் கண்டதும், அதைத் தெலுக் இந்தான் பையில் போட்டுவிடுவார். தெருப் பெயரையோ வீட்டு எண்ணையோ அவர் பார்க்க வேண்டியதில்லை. இணையத்தில் அந்த வேலையைச் செய்யும் கருவிதான் திசைவி, அதாவது ரவுட்டர். அது ஐபி முகவரியின் முன்பகுதியை மட்டும் பார்க்கிறது. அதையே முன்னொட்டு என்கிறோம்.

ஐபி நான்காம் பதிப்பு முகவரி ஒன்றில் 32 பிட்கள் உள்ளன. யூடியூப் அன்று அறிவித்திருந்த முன்னொட்டு 208.65.152.0/22. முதல் 22 பிட்கள் மாறாதவை என்பது இதன் பொருள். மீதம் 10 பிட்கள். 2இன் 10ஆம் அடுக்கு 1,024. ஆகவே அதில் 1,024 முகவரிகள் அடங்கும். /24 என்றால் மீதம் 8 பிட்கள். 256 முகவரிகள் மட்டுமே.

ஒரே முகவரிக்கு இரண்டு முன்னொட்டுகள் பொருந்தினால் திசைவி எதைத் தேர்ந்தெடுக்கும்? நீளமானதை. “பேராக் கடிதங்கள் இந்தப் பையில்” என்று ஓர் அறிவிப்பும், “தெலுக் இந்தான் கடிதங்கள் அந்தப் பையில்” என்று இன்னோர் அறிவிப்பும் இருந்தால், தெலுக் இந்தான் கடிதத்தை எந்தப் பையில் போடுவீர்கள்? அதே விதிதான் இங்கும்.

அன்றிரவு நடந்தது

பாகிஸ்தான் அரசு தன் நாட்டில் யூடியூப்பைத் தடைசெய்ய உத்தரவிட்டிருந்தது. அதற்காகப் பாகிஸ்தான் டெலிகாம் 208.65.153.0/24 என்ற வழியை அறிவித்தது. நாட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய அந்த அறிவிப்பு, அதன் மேல்நிலை இணைப்பு நிறுவனமான ஹாங்காங்கின் பிசிசிடபிள்யு வழியாக உலகுக்குப் பரவியது. யூடியூப் இணையத்தளத்தின் முகவரிகள் அந்த 256க்குள்தான் இருந்தன. 24, 22ஐவிட நீளம். அதனால் உலகெங்கும் உள்ள திசைவிகள் யூடியூப்புக்கான தகவல்களைப் பாகிஸ்தானை நோக்கி அனுப்பின.

யூடியூப் 4.07க்குத் தானும் அதே /24ஐ அறிவித்தது. நீளம் சமமானதால் ஒரு பகுதிதான் மீண்டது. 4.18க்கு அதை இரண்டாகப் பிரித்து, இன்னும் நீளமான /25 முன்னொட்டுகளை அறிவித்தது. 5.01க்குப் பிசிசிடபிள்யு தவறான வழியைத் திரும்பப் பெற்ற பிறகே சிக்கல் தீர்ந்தது.

நம் நாட்டுக்கும் இத்தகைய அனுபவம் உண்டு. 2015 ஜூன் 12ஆம் தேதி மாலை, டெலிகாம் மலேசியா ஏறத்தாழ 179,000 முன்னொட்டுகளைத் தவறுதலாக லெவல் 3 என்ற பெரிய நிறுவனத்திற்கு அறிவித்தது. அந்நிறுவனமும் அவற்றை ஏற்றுப் பரப்பியது. தாங்க முடியாத அளவு தகவல்கள் மலேசியாவை நோக்கித் திரும்பின. சுமார் 2 மணி நேரம் உலகின் பல இடங்களில் இணையம் மெதுவானது.

வாசலில் ஒரு பட்டியல்

இணைய நிறுவனங்கள் பிஜிபி என்ற நெறிமுறையின்வழி தங்களுக்குள் வழிகளைப் பரிமாறிக்கொள்கின்றன. 1989இல் உருவான இந்த நெறிமுறை, அண்டை நிறுவனம் சொல்வதை உண்மையென்றே எடுத்துக்கொள்ளும். சரிபார்ப்பது நம் பொறுப்பு. அதற்கான எளிய கருவிதான் முன்னொட்டுப் பட்டியல்.

திருமண விருந்து வாசலில் அழைப்புப் பட்டியலுடன் ஒருவர் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். விதிகள் மூன்று:

1. பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். முதலில் பொருந்தும் வரியே முடிவு.
2. நீளம் குறிப்பிடப்படாவிட்டால் முன்னொட்டு அச்சு மாறாமல் பொருந்த வேண்டும். “24 வரை” என்றிருந்தால் அதற்குள் அடங்கும், 24 பிட் வரையிலான சிறு தொகுதிகளும் பொருந்தும்.
3. எந்த வரியும் பொருந்தாவிட்டால் அனுமதி இல்லை.

பாகிஸ்தான் டெலிகாமுக்குச் சொந்தமான முன்னொட்டுகள் மட்டும் அடங்கிய ஒரு பட்டியல் பிசிசிடபிள்யுவின் வாசலில் இருந்திருந்தால், 208.65.153.0/24 அங்கேயே நின்றிருக்கும். தவறு ஒரு நாட்டோடு முடிந்திருக்கும்.

நீங்களே செய்து பாருங்கள்

வரி 5: மறுப்பு – 172.20.8.0/24
வரி 10: அனுமதி – 172.20.0.0/16, 24 வரை

அ) 172.20.5.0/24
ஆ) 172.20.8.0/24
இ) 172.20.5.128/25

இவற்றுள் எது உள்ளே வரும்? இரண்டு வரிகளையும் இடம் மாற்றினால் எந்த விடை மாறும்? விடையைப் பார்க்கும் முன் தாளில் எழுதிப் பாருங்கள்.

விடை: அ மட்டும் வரும். ஆ வரி 5இலேயே தடுக்கப்படும். இ 24ஐவிட நீளமானது. எந்த வரியும் பொருந்தாததால் அனுமதி இல்லை. வரிகளை இடம் மாற்றினால் ஆவும் உள்ளே வந்துவிடும். பட்டியல் வைத்திருந்தால் மட்டும் போதாது, வரிசையும் சரியாக இருக்க வேண்டும் என்பது இப்போது புரிகிறதா?