நிரந்தர வதிவிட அட்டை புதுப்பித்தல் (கனடா)

நிரந்தர வதிவிட அட்டை என்பது கனடாவில் நிரந்தரமாக வாழும் உரிமை பெற்ற பிற நாட்டுக் குடிமக்களுக்குக் கனடிய அரசு வழங்கும் அடையாள அட்டை ஆகும். 2002 ஆம் ஆண்டில் அறிமுகமான இவ்வட்டை பெரும்பாலும் 5 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும்.

அட்டை காலாவதியானாலும் வதிவுரிமை தானாக இல்லாமல் போவதில்லை. அட்டை அவ்வுரிமைக்கான சான்று மட்டுமே. வதிவுரிமையைக் காப்பது நாட்கணக்கு. எந்த 5 ஆண்டுக் காலத்திலும் குறைந்தது 730 நாட்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். அந்நாட்கள் தொடர்ச்சியாக அமைய வேண்டியதில்லை. கனடியக் குடியுரிமை பெற்ற கணவருடனோ மனைவியுடனோ வெளிநாட்டில் சேர்ந்து வாழ்ந்த நாட்களும் இதில் அடங்கும்.

புதுப்பிக்கும்போது இந்நாட்கணக்கு ஆராயப்படும். குறைவிருந்தால் வதிவுரிமையே கேள்விக்குள்ளாகலாம். ஆகவே, பயணத் தேதிகளைக் கடவுச்சீட்டுடன் ஒப்பிட்டுக் கணக்கிட்ட பின்னரே விண்ணப்பிப்பது நல்லது.

செல்லுபடிக் காலம் 9 மாதங்களுக்குக் குறைவாக இருக்கும்போது, கனடாவில் இருந்தபடி விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டில் இருக்கும்போது அட்டை காலாவதியானால், விமானத்தில் கனடா திரும்ப நிரந்தர வதிவாளர் பயண ஆவணம் தேவை. அதற்கு விண்ணப்பித்தாலும் நாட்கணக்கு பார்க்கப்படும். எனவே நீண்ட பயணத்துக்கு முன் அட்டையின் காலாவதித் தேதியைக் கவனிப்பது அவசியம்.