உங்களுக்குத் தெரியுமா? சுரிந்தர் சிங் வழி

சொந்த நாட்டில் துணையோடு வாழ ஐரோப்பியச் சட்டம் கைகொடுக்குமா? ஒரு காலத்தில் கொடுத்தது.

இந்தியரான சுரிந்தர் சிங் 1982-ல் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்ற பெண்ணை மணந்தார். 1983 முதல் 1985 வரை இருவரும் ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டு, சொந்தத் தொழில் தொடங்க இங்கிலாந்து திரும்பினார்கள். பின்னாளில் மணவாழ்க்கை முறிந்தது. பிரிட்டிஷ் அரசு சிங்கை நாட்டைவிட்டு வெளியேற்ற முனைந்தது. வழக்கு லக்ஸம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது.

1992 ஜூலை 7-ல் தீர்ப்பு வந்தது: ஐரோப்பிய சமூகத்தின் இன்னொரு உறுப்பு நாட்டில் வேலை செய்துவிட்டுத் தாயகம் திரும்புபவரின் துணைக்கு, அங்கே இருந்த உரிமை இங்கேயும் உண்டு. திரும்பும்போது துணையைப் பிரிய நேரும் என்றால் வெளியே வேலைக்குப் போகவே யார் துணிவார்கள் என்பதுதான் நீதிபதிகளின் வாதம். மிக நியாயமான வாதம்.

2012-ல் பிரிட்டன், துணையை அழைப்பவருக்கு ஆண்டு வருமானம் 18,600 பவுண்டு வேண்டும் என்றது. தாதியர் உதவியாளர், கடை ஊழியர் போன்ற பலருக்கு அது எட்டாத தொகை. வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் துணை அங்கே எவ்வளவு சம்பாதித்தாலும் அந்தச் சம்பளம் கணக்கில் சேராது. அதனால் பல தம்பதிகள் அயர்லாந்து போன்ற நாடுகளில் சில மாதங்கள் வேலை பார்த்து, சிங்கின் பெயரால் அழைக்கப்பட்ட, அந்த வருமான வரம்பு பொருந்தாத இந்த வழியில் ஊர் திரும்பினார்கள்.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகிய பிரெக்ஸிட்டுக்குப் பின் அந்தக் கதவு மூடிவிட்டது. 2024 ஏப்ரலில் வருமான வரம்பு 29,000 பவுண்டு ஆனது. விண்ணப்பிக்கும் முன், அன்றைய தொகையை பிரிட்டிஷ் அரசின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.